டிக்கட்டின் பின்பக்கம்

அவர் என்னிடம் வழக்குப் பேச வரவில்லை. காணி உறுதி முடிக்க வந்தார். வஹகோட்டையில் மாமனார் எழுதிக் கொடுக்கும் இருபது பேர்ச்சஸ் நிலம். மாத்தளையில் என் அலுவலகத்தில் உறுதியை வாசித்து விளக்கிக்கொண்டிருந்தேன். கூட வந்த மகள், பன்னிரண்டு வயதிருக்கும், மேசையோரம் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். கொப்பியை ஏறக்குறையக் குறுக்காகத் திருப்பி வைத்திருந்தாள். வலது தோள் காது வரை உயர்ந்திருந்தது. நாலு வரி எழுதுவாள், பேனையை வைத்துவிட்டுச் சின்ன விரலையும் மோதிர விரலையும் இடது கையால் நீவுவாள், மறுபடி எழுதுவாள்.

“மகள், கையில என்ன?” என்று கேட்டேன். பதில் தகப்பனிடமிருந்து வந்தது.

“அது தண்ணி பார்க்குல அடிபட்டதுங்க ஐயா. ரெண்டு வருஷம் ஆகப்போகுது. டிக்கட்டுக்குப் பின்னால எழுதியிருக்குதாம், என்ன நடந்தாலும் அவங்க பொறுப்பு இல்லன்னு. அதனால நாங்க ஒன்னும் பேசல.”

இரண்டு வருடம் என்ற சொல் காதில் விழுந்ததும் உறுதியை மூடி வைத்தேன். எந்த மாதம், எந்தத் தேதி என்று கேட்டுக் கலண்டரைப் பார்த்தேன். சரியாகப் பதினேழு நாள் மிச்சம் இருந்தது.

வாசகருக்கு இதை விளக்க வேண்டும். ஒருவரின் கவலையீனத்தால் நமக்குத் தீங்கு வந்தால், இலங்கையில் நட்டஈடு கேட்டு வழக்கு வைக்க 1871-ம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச்சட்டம் தரும் அவகாசம் இரண்டே வருடம். அடிபட்டவர் பராயமடையாத பிள்ளையாக இருந்தால், பிள்ளையின் சொந்த உரிமைக்குப் பதினெட்டு வயது நிறையும் வரை அந்தக் கணக்கு ஓடாது. வேதனைக்கும் ஊனத்துக்கும் பிள்ளை கேட்கும் பணம் அந்த வகை. ஆனால் வைத்தியச் செலவு, வேன் கூலி, தகப்பன் இழந்த நாட்சம்பளம் எல்லாம் தகப்பனுடைய உரிமை. அதற்கு இந்தச் சலுகை கிடையாது. பதினெட்டாவது நாள் அவர் வந்திருந்தால் அந்தப் பாதி போயிருக்கும்.

அவர் எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். மரக்கறி லொறி ஓட்டுபவர். கலேவெலயிலும் சுற்றுவட்டத்திலும் ஏற்றித் தம்புள்ளைப் பொருளாதார மையத்தில் இறக்குவார். வஹகோட்டையில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டார். சிங்களம் பேசுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, வாசிக்கத் தெரியாது. தமிழ் வாசிப்பார். பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் படித்தார்கள், அதனால் அவர்களுக்குச் சிங்களம் நன்றாக வாசிக்க வரும். இந்த ஒரு விவரம் பின்னால் வழக்கையே திருப்பியது.

மகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்தபோது தகப்பன் வாக்குக் கொடுத்திருந்தார்: வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தால் டிசம்பர் லீவில் தண்ணீர்ப் பூங்கா. அந்தப் பரீட்சையைக் கண்ட வீடுகளுக்குத் தெரியும், பத்து வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய மலை என்று. அவள் எடுத்தாள். மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பேசி, விடியச் சாமம் மூன்று மணிக்கு ஊரைவிட்டு, குருநாகல் வழியாக மேல் மாகாணம் போனார்கள். சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டோம் என்று வாசலில் சொன்னதும், வீணாக்க மனமில்லாமல் காலை ஒன்பது மணிக்கே வேனுக்குள் உட்கார்ந்து பகல் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்தார்களாம். சாட்சி சொன்ன நாளில் தாய் இதைச் சொல்லும்போது சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் சிரித்தபடி சொல்லக்கூடிய கடைசிச் சம்பவம் அதுதான்.

பூங்காவின் பெயரையோ அவர்களின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. வழக்கு இணக்கத்தில் முடிந்தது, அந்த மரியாதையைக் காக்க வேண்டும்.

நடந்தது இதுதான். உயரமான மேடையொன்றிலிருந்து இரண்டு நீர்ச்சறுக்குக் குழாய்கள் இறங்கி ஒரே குளத்தில் முடிகின்றன. மேலே நிற்கும் ஊழியர் கை காட்டினால் ஒருவர் இறங்குவார். அவர் குளத்தைவிட்டு ஒதுங்கிய பிறகுதான் அடுத்தவருக்குக் கை காட்ட வேண்டும். பிள்ளை இறங்கினாள், தண்ணீரில் விழுந்தாள், எழும்பிக் குளத்தோரப் படியை நோக்கித் திரும்பினாள். இரண்டு எட்டு வைக்கவில்லை. அதே குழாயிலிருந்து வாட்டசாட்டமான இளைஞர் ஒருவர் கால் முன்னாக வந்து மோதினார். அவள் வலது முழங்கை குளத்தின் சீமெந்து விளிம்பில் அடித்தது.

பூங்காவில் ஐஸ் வைத்தார்கள், தைலம் பூசினார்கள். தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடும்போது ஒரு அதிகாரி வாசல் வரை கூடவே வந்து, டிக்கட்டைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, அதிலிருந்த ஒரு வரியைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டியிருக்கிறார். பிள்ளை வலியில் கத்திக்கொண்டிருந்த நேரம். கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் எலும்பைப் பொருத்திக் கம்பி போட்டார்கள். கை பிழைத்தது. ஆனால் முழங்கை முழுதாக நீளவில்லை, அந்த வழியாகப் போகும் நரம்பு பழைய நிலைக்கு வரவில்லை. எழுதும் கை அது. புலமைப்பரிசில் எடுத்த கை.

அன்றிலிருந்து இரண்டு வருடம் அந்தக் குடும்பத்தைக் கட்டிப்போட்டது டிக்கட்டின் பின்னால் இருந்த அந்த ஒரு வரி.

மறுநாள் நானே வஹகோட்டைக்குப் போனேன். கலேவெலயிலிருந்து சில கிலோமீற்றர் தூரம். கண்டி அரசர் சிறைப்பிடித்த போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் குடியேறிய ஊர் என்பது அந்த ஊர்க் கத்தோலிக்கரிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் வழக்கு. புனித அந்தோனியார் திருத்தலம்தான் ஊரின் நடு. சிங்களவர், தமிழர் என்ற பேதமில்லாமல் சனம் வரும். மலைத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நேர்த்திக்கு வருவார்கள். காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோனியார் என்பது நம்பிக்கை.

டிக்கட் எங்கே என்று கேட்டேன். தாய் உள்ளே போய்ச் செபப் புத்தகத்தை எடுத்து வந்தார். அந்தோனியார் படம் இருந்த பக்கத்தில், தண்ணீரில் ஊறிக் காய்ந்து பிஸ்கட் போல் விறைத்திருந்த அந்தச் சீட்டு இருந்தது. முன்பக்கம் பூங்காவின் பெயரும் விலையும். பின்பக்கம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பொடி எழுத்து. தமிழ் ஒரு எழுத்தும் இல்லை.

“தமிழ்ல இருந்திருந்தா நான் வாசிச்சிருப்பேன் ஐயா. பொறுப்பில்லன்னு தெரிஞ்சிருந்தா புள்ளய மேல ஏத்தியிருக்க மாட்டேன். என் பிழதான்” என்றார் தகப்பன். இரண்டு வருடமாக அவர் இதைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

எனக்கும் முதலில் வழி அங்கேதான் இருப்பதாகப் பட்டது. வாசிக்க முடியாத மொழியில் இருக்கும் நிபந்தனை ஒருவரை எப்படிக் கட்டும்? பழைய ஆங்கிலத் தீர்ப்புகளைப் புரட்டினேன், மனம் கசந்தது. 1930-இல் தொம்சன் எதிர் லண்டன் மிட்லண்ட் ஸ்கொட்டிஷ் ரயில்வே. எழுத்தறிவில்லாத ஒரு பெண், மருமகள் எடுத்துக் கொடுத்த சுற்றுலா டிக்கட்டில் ரயில் ஏறி, இறங்கும்போது விழுந்து காயப்படுகிறார். வாசிக்கத் தெரியாது என்பது காரணமாகாது, டிக்கட்டில் சொன்ன நிபந்தனை உங்களைக் கட்டும் என்றது நீதிமன்றம். நம் நாட்டில் 1987-இன் 13-வது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. ஆனால் அது அரச அலுவலகத்துக்கு. தனியார் பூங்கா தன் டிக்கட்டை எந்த மொழியில் அச்சடிப்பது என்பதற்கு அதை வைத்து வாதாடப் போனால், வழக்கு வேறு பாதையில் இழுபடும்.

வழி வேறு இடத்தில், கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம், 1997-ம் ஆண்டின் 26-ம் இலக்கம். பிரித்தானியா 1977-இல் இயற்றிய சட்டத்தின் அச்சில் நம் பாராளுமன்றம் செய்தது. தொழில் நடத்தும் ஒருவரின் கவலையீனத்தால் இன்னொருவருக்கு மரணமோ உடற்காயமோ நேர்ந்தால், அந்தப் பொறுப்பை எந்த ஒப்பந்த வாசகத்தாலும் எந்த அறிவித்தலாலும் தட்டிக் கழிக்க முடியாது என்கிறது அது. பொருள் சேதத்துக்குச் சில வேளை அப்படி எழுதி வைக்கலாம், நியாயமாக இருந்தால். உடம்புக்கும் உயிருக்கும் எழுதி வைக்க முடியாது.

இதை அந்தத் தகப்பனுக்கு விளக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. “நீங்க வாசிச்சிருந்தாலும் ஒன்னுதான், வாசிக்காட்டியும் ஒன்னுதான். தமிழ்ல பெரிய எழுத்துல போட்டு, நீங்க அதுக்குக் கீழ கையெழுத்தும் வச்சிருந்தாலும் அந்த வரிக்குச் சட்டத்துல உயிர் இல்ல” என்றேன். அவர் டிக்கட்டை வாங்கிப் பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, “அப்ப எதுக்குங்க ஐயா எழுதி வைக்கிறாங்க?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என் பதில் அன்றும் இன்றும் ஒன்றுதான். எழுதி வைப்பது நீதிமன்றத்துக்காக அல்ல. அவரைப் போன்ற ஒருவர் வாசலோடு திரும்பி வீட்டுக்குப் போவதற்காக.

வழக்கை மாத்தளையில் போட முடியவில்லை. பிரதிவாதி இருக்குமிடம், சம்பவம் நடந்த இடம், ஒப்பந்தம் செய்த இடம் எல்லாமே மேல் மாகாணம். அங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் பதினான்காவது நாள் தாக்கல் செய்தோம். அதன் பிறகு தவணைக்குத் தவணை அந்தக் குடும்பம் நடுச்சாமத்தில் கலேவெலக்கு வந்து பஸ் ஏறியது. லொறிக்காரருக்குத் தவணை நாளென்றால் சம்பளமில்லாத நாள். நான்கு வருடத்தில் ஒரு தவணை தவறவில்லை. என் தொழிலில் கட்சிக்காரரின் பொறுமைக்கு நான் தலைவணங்கிய சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

பூங்காவுக்காக ஆஜரானவர் மூத்த சட்டத்தரணி, கெட்டிக்காரர், நேர்மையானவர். டிக்கட்டை முன்வைத்தார். 1997-ம் ஆண்டுச் சட்டத்தை நான் எழுவினாவாக எழுப்பியதும் அதைப் பெரிதாக இழுக்கவில்லை. வேறு மூன்று தூண்களில் நின்றார்: பிள்ளை குறைந்தபட்ச உயரமான நான்கு அடி இருக்கவில்லை, ஆபத்துத் தெரிந்தே விரும்பி ஏறினார்கள், மேடையில் நின்ற ஊழியர் பூங்காவின் ஆள் அல்ல, ஆள் வழங்கும் கம்பனியின் ஆள்.

இரண்டாவது வாதத்துக்கு அவர் கொண்டுவந்தது அமெரிக்காவில் புகழ்பெற்ற ஒரு தீர்ப்பு. 1929, மர்பி எதிர் ஸ்டீபிள்சேஸ். நியூயோர்க் கொனி ஐலண்டில் மேல்நோக்கி ஓடும் பட்டி மேல் நின்று, விழுந்து எழும்பிச் சிரிக்கும் விளையாட்டு. ஒரு இளைஞன் விழுந்து முழங்கால் சிரட்டையை உடைத்துக்கொண்டான். மற்றவர்கள் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றுதானே ஏறினாய் என்று நீதியரசர் கார்டோஸோ அவன் வழக்கைத் தள்ளினார். பயப்படுபவர் வீட்டில் இருக்கலாம் என்ற கருத்தில் அவர் எழுதிய வசனம் சட்ட மாணவர் எல்லோருக்கும் மனப்பாடம். நான் எழுந்து அதே தீர்ப்பின் அடுத்த பகுதியை வாசித்தேன். ஆபத்து கண்ணுக்குத் தெரியாததாக இருந்தால் கதை வேறு என்று கார்டோஸோவே அங்கே சொல்கிறார். சறுக்கில் ஏறுபவர் வேகத்துக்கும், தண்ணீர் முகத்தில் அடிப்பதற்கும், வயிறு கலங்குவதற்கும் சம்மதிக்கிறார். மேலே நிற்பவர் தன் வேலையைச் செய்யாமல் விடுவதற்கு எந்தத் தகப்பனும் பிள்ளைக்காகச் சம்மதம் கொடுப்பதில்லை.

உயரம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. சம்பவ நாளில் அவள் உயரம் என்ன என்பதை யார் சொல்வது? இப்போது வளர்ந்துவிட்டாள். தாயின் வாய்ச்சொல் போதாது. ஒரு நாள் என் மனைவி, ஆசிரியை, சாப்பாட்டு மேசையில் சொன்ன ஒரு வார்த்தை வழிகாட்டியது: “ஸ்கூல் மெடிக்கல் செய்வாங்களே?” பாடசாலை வைத்தியப் பரிசோதனை முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் ஆண்டுகளில் நடக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பிள்ளைகளைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளப்பார், நிறை பார்ப்பார். அதிபரிடம் போனோம். அவர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்தக் கட்டை எடுத்தார், தூசி தட்டினார். நான்காம் ஆண்டில், அதாவது சம்பவத்துக்கு ஒரு வருடத்துக்கும் முன்பு, நீல மையில்: 127 சென்ரிமீற்றர். நான்கு அடி என்பது 122-ஐயும் எட்டாது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பாடசாலை விறாந்தையில் நான் நின்ற நிமிடம் மறக்காது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு அரச ஊழியர் சம்பளத்துக்கு மேல் அக்கறையோடு, மில்லிமீற்றர் தவறாமல் எழுதி வைத்த ஒரு எண் ஒரு பிள்ளைக்கு நியாயம் வாங்கிக் கொடுக்கிறது.

பிள்ளை சாட்சிக்கூண்டில் ஏறியபோது பதினைந்து வயது. குறுக்கு விசாரணையில் பிரதிவாதியின் சட்டத்தரணி மிகவும் பதமாகத்தான் பேசினார். மேடையடியில் இருந்த எச்சரிக்கைப் பலகையின் புகைப்படத்தை அவளிடம் காட்டினார்.

“மகளுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும்தானே? புலமைப்பரிசில் எடுத்த பிள்ளைதானே?”

“ஆமாம், சேர்.”

“அன்றைக்கு இந்தப் பலகையை வாசித்தீர்களா?”

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். இந்தக் கேள்விக்கு நான் அவளைத் தயார்படுத்தவில்லை.

“வாசித்தேன், சேர். முன்னால் போனவர் குளத்தைவிட்டு வெளியே வரும் வரை நிற்கச் சொல்லி இருந்தது. எனக்கு முன்னால் ஒரு அக்கா போனார். அவர் படியில் ஏறும் வரை நான் நின்றேன். அதுக்குப் பிறகுதான் போனேன்.”

கேட்டவர் பேசவில்லை. அவள் தானாகவே தொடர்ந்தாள்.

“நான் படியில் ஏறும் வரை யாரும் நிற்கவில்லை.”

நீதிபதி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். விசாரணை முழுதும் சிங்களத்தில் நடந்தது. பின் வாங்கில் இருந்த தகப்பன் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்க அழுதார். தன்னால் வாசிக்க முடியாத பலகையைத் தன் பிள்ளை வாசித்து, அதன்படியே நடந்தும் இருந்தாள் என்பதை அவர் அன்றைக்குத்தான் கேட்கிறார். இத்தனை வருடமும் வீட்டில் யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

பிரதிவாதி தரப்பு அந்த மேடை ஊழியரை அழைத்தது. சம்பவம் நடந்தபோது அவருக்குப் பதினெட்டு. மெலிந்த பையன், நாட்கூலி. அவரை மடக்க வேண்டும் என்று நான் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். எழுந்து நின்று முகத்தைப் பார்த்ததும் குறிப்பை மூடிவிட்டேன். “அன்றைக்கு மேடையில் எத்தனை சறுக்கு?” இரண்டு. “எத்தனை ஊழியர்?” நான் மட்டும். “மற்ற ஆள்?” டிசம்பர் கூட்டம் என்று டிக்கட் கவுண்டருக்கு எடுத்தார்கள். “அந்தப் பிள்ளை இறங்கிய நேரம் நீங்கள் எந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?” மற்றதை. வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தேன். பிழை அவருடையது அல்ல என்பது அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் புரிந்தது. யாருடைய ஆள் என்ற மூன்றாவது வாதமும் அத்தோடு வலுவிழந்தது, ஏனென்றால் அவரை அங்கே தனியாக நிறுத்தியது பூங்காவின் முகாமையாளர்தான்.

எங்கள் வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே உலகத்தில் இரண்டு பெரிய விபத்துகள் நடந்தன. 2015 ஜூன் 2, இங்கிலாந்தின் அல்டன் டவர்ஸ் பூங்காவில் ‘ஸ்மைலர்’ ரோலர் கோஸ்டர் ரயில், பாதையில் நின்றுபோயிருந்த வெற்றுப் பெட்டி மீது மோதியது. முன்னால் பெட்டி நிற்கிறது என்று கணினி தடுத்தும், ஊழியர்கள் அது தெரியாமல் தடையை நீக்கி ரயிலை விட்டார்கள். இரண்டு இளம் பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். நடத்திய கம்பனிக்கு 2016-இல் 50 இலட்சம் பவுண் அபராதம். அதே 2016 ஒக்டோபர் 25, அவுஸ்திரேலியாவின் ட்ரீம்வேர்ல்டில் நீர் குறைந்து சிக்கிக்கொண்ட தெப்பம் மீது பின்னால் வந்த தெப்பம் மோதி நான்கு பேர் இறந்தார்கள். 2020-இல் அந்தக் கம்பனிக்கு 36 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் அபராதம். கோடிக்கணக்கில் பணம் போட்ட பூங்காக்கள், எங்கள் சீமெந்துக் குளத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் நடந்தது ஒன்றேதான். முன்னால் போனவர் வெளியேறுமுன் பின்னால் வருபவரை நிறுத்தாமல் விட்டார்கள்.

ட்ரீம்வேர்ல்ட் செய்தி வந்த வாரம் ஒரு தவணை. நீதிமன்ற விறாந்தையில் தாய் என்னிடம் கேட்டார்: “நம்ம புள்ளைக்கு உயிர் போயிருந்தா, கோர்ட்டுல எவ்வளவு கேட்டிருப்பீங்க ஐயா?”

பொய் சொல்ல முடியவில்லை. அன்றைய சட்டப்படி அநேகமாக ஒன்றும் கிடைத்திருக்காது என்றேன். நமது றோமன் டச்சுச் சட்டம் செத்தவரால் வரவேண்டிய வருமானம் நின்றதற்குத்தான் காசு தரும். பத்து வயதுப் பிள்ளைக்கு ஏது வருமானம்? தாய் தகப்பனின் துக்கத்துக்கு விலை இல்லை. 1992-இல் இறந்த ஒரு சிறு பிள்ளைக்காகப் தகப்பன் தொடுத்த சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கில், மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் கொடுத்தது. மேன்முறையீட்டில் அது குறைந்தது. 2001-இல் உயர் நீதிமன்றம் ஒன்றும் இல்லாமல் செய்தது. பிள்ளையின் அன்பும் அருகிருப்பும் போனதற்கு நம் சட்டத்தில் நட்டஈடு இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் காரணங்களில் ஒன்று.

“அப்ப கை முறிஞ்சா காசு, செத்தா இல்லையா?” என்றார் தாய். கோபமில்லை, நம்ப முடியாமல் கேட்டார்.

சட்டம் படித்த எவனும் அந்தக் கேள்விக்கு முன்னால் வெட்கப்பட வேண்டும். நான் வெட்கப்பட்டேன். 2019-இல்தான் பாராளுமன்றம், ஆளொருவரின் மரணத்துக்கான நட்டஈட்டை அறவிடுவது பற்றிய 2-ம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றிப் பெற்றோரின் துக்கத்தையும் இழந்த உறவையும் கணக்கில் எடுக்க வழி செய்தது. பதினெட்டு வருடம் எடுத்தது.

மேடை ஊழியரின் சாட்சியத்துக்குப் பிறகு பிரதிவாதி தரப்பு இணங்கி வந்தது. பணத்தோடு நாங்கள் இன்னும் இரண்டு கேட்டோம். ஒன்று, சறுக்குக்கு ஒரு ஊழியர். இரண்டு, எச்சரிக்கைப் பலகைகள் மூன்று மொழியிலும். டிக்கட்டின் பின்பக்கம் தமிழில் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை, செல்லாத வாசகம் எந்த மொழியில் இருந்தால் என்ன? பிள்ளையைக் காப்பாற்றும் வாசகம் தமிழில் இருந்தே ஆக வேண்டும். இரண்டுக்கும் சம்மதித்தார்கள். பராயமடையாதவர் வழக்கில் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் இணக்கம் செல்லாது. நீதிபதி தகப்பனை அழைத்து, நிபந்தனைகளைத் தமிழில் விளங்கப்படுத்தும்படி நீதிமன்ற மொழிபெயர்ப்பு முதலியாரிடம் சொல்லி, விளங்கியதா என்று இரண்டு முறை கேட்டார். பிள்ளையையும் கேட்டார். பிறகே கையெழுத்திட்டார். பிள்ளையின் பங்கு தேசிய சேமிப்பு வங்கியில் அவள் பெயரில் வைப்பிலிடப்பட்டது. தகப்பனின் பங்கு நான்கு வருடத்துப் பஸ் காசையும் கடனையும் அடைத்தது.

2019-இல் பதினெட்டு நிறைந்து அவள் பணத்தை எடுத்த நாளில் தாயோடு என் அலுவலகத்துக்கு வந்தாள். இன்னும் கொப்பியைக் குறுக்காகத் திருப்பி வைத்துத்தான் எழுதுகிறாள். கணக்கியல் படிக்கப் போவதாகச் சொன்னாள்.

இந்த லீவிலும் எத்தனையோ வேன்கள் விடியச் சாமத்தில் புறப்படும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், அது அவர்களுக்குச் சேரவேண்டிய சந்தோஷம். மேலே ஆள் நிற்கிறாரா, எத்தனை சறுக்குக்கு எத்தனை ஆள் என்று ஒரு முறை பாருங்கள். ஏதும் நேர்ந்தால் பொலிஸில் பதிந்து, வைத்தியசாலைத் துண்டு ஒன்றையும் தொலைக்காமல் வையுங்கள். டிக்கட்டின் பின்பக்கத்தை யார் வாசித்துக் காட்டினாலும் அதோடு வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டாம். இரண்டு வருடம் முடிவதற்குள் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். கையில் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். டிக்கட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.